படைத் தோழரைத் தேடுதல்

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அமைந்துள்ள வரிசையை ஊன்றி நோக்குவோருக்கு ஒன்று புலப்படும். படைமாட்சி, படைச்செருக்கு என்னும் 77, 78-ஆம் அதிகாரங்களில் படையைப் பற்றிப் பேசி முடித்த வள்ளுவர், அடுத்த அதிகாரத்திலேயே நட்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை என்று அவ்வரிசை தொடர்கிறது. படையைப் போலவே நட்பும் அரசனுக்கு உற்ற இடத்தில் உதவும் என்பது இவ்வைப்பு முறைக்கு உரைகாரர் காட்டும் காரணம். பள்ளியில் குறள் கற்பித்த என் போன்றோருக்கு இன்னொரு காரணமும் தோன்றும். ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே பானையில் உண்டு, ஒரே ஆபத்தை எதிர்நோக்கி நின்றவரிடையே விளையும் நட்புக்கு ஒப்பான நட்பு வேறு எங்கும் எளிதில் விளைவதில்லை. அத்தகைய நட்பு இடையில் அறுந்துபோனால், அதை மீண்டும் எவ்வாறு கண்டெடுப்பது? கண்டெடுப்பதால் என்ன பயன்? இவ்விரு கேள்விகளையும் நேயர்களோடு சேர்ந்து இன்று ஆராய விரும்புகிறேன்.

சில நாடுகளில் இளைஞர் அனைவரும் குறிப்பிட்ட காலம் படையில் பணியாற்ற வேண்டும் என்பது சட்டம். நம் தஞ்சை மாவட்டத்தார் பலருக்கு உறவினர் வாழும் சிங்கப்பூரில் 1967-ஆம் ஆண்டு முதல் இத்தேசிய சேவை நடைமுறையில் இருக்கிறது. அங்கே இன்று முழுநேரப் பணி இரண்டு ஆண்டுகள். அது முடிந்த பின்னரும், பயிற்சிக்காக அவர்களை அரசாங்கம் அவ்வப்போது திரும்ப அழைக்கிறது. ஆகவே பழைய தோழர்கள் ஒருவரையொருவர் தேட வேண்டிய தேவை அங்கே மிகுதியாக இல்லை. அரசாங்கத்தின் ஆணையே அவர்களைச் சேர்த்து வைத்துவிடுகிறது.

நம் நாட்டில் கட்டாயப் படைப்பணி இல்லை. விரும்பிச் சேர்ந்தோரே நம் படையினர். அவர்களுக்கும் ஒழுங்கான பதிவேடு உண்டு. சென்னைப் படைப்பிரிவில் பணியாற்றிய ஒருவருடைய பெயரும் எண்ணும் நீலகிரி வெலிங்டனிலுள்ள பதிவகத்தில் இருக்கும். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்காகவோ மருத்துவத்துக்காகவோ செல்லும் இடத்தில் பழைய நண்பர் எதிர்ப்படுவதும் உண்டு.

ஆனால் நம் பகுதி மக்கள் மிகுதியாகப் பங்கேற்ற படை ஒன்றுக்கு இவற்றுள் ஒன்றுமே இல்லை. அதுதான் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம்.

பேராவூரணி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வட்டாரத்து மக்களுக்கு மலாயா அயலூர் அன்று. காவிரி நீர் கல்லணைக் கால்வாய் வழியாக எங்கள் கடைமடைக்கு வந்தது 1934-ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான். அதற்கு முன் வானத்தை நம்பியே வாழ்ந்த இந்நிலத்தார் பலர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கி, பால்மரம் வெட்டும் தொழிலுக்குச் சென்றனர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு அவ்வாண்டு அமைந்த முதல் தேசியப் படை, ஆண்டு முடிவதற்குள் நெருக்கடியில் சிக்கித் தளர்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபின் நிலைமை மாறியது. தோட்டத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், கிராணிகளும் பெருந்திரளாகச் சேர்ந்தனர். இவ்வாறு சேர்ந்த குடிமக்களுள் பெரும்பாலோர் தமிழர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். படையின் மொத்த எண்ணிக்கை 40,000 வரை இருந்தது என்பர்.

இத்தனை பேர் ஒன்றாக நின்றனர். பின்னர் ஒருவரையொருவர் முற்றிலும் இழந்தனர். அது எவ்வாறு நேர்ந்தது?

முதற் பிரிவு 1945-இல் நேர்ந்தது. ஏப்ரல் இறுதியில் போஸ் இரங்கூனை விட்டுப் புறப்பட்டார். நகரில் அமைதி காக்கும் பொறுப்பு, தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனிடமும் அவர்கீழ் இருந்த சில ஆயிரம் வீரர்களிடமும் விடப்பட்டது. மே மாதத்தில் ஆங்கிலேயர் நுழைந்தபோது அவர்கள் சிறைப்பட்டனர். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் மலாயாவிலிருந்த குடிமக்கள் வீரர்கள் முகாம்களிலிருந்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பகைவர் கையில் சிக்கினால் பலருக்கும் கேடு என்று கருதி, பெயர்ப்பட்டியல்களும் கோப்புகளும் எரிக்கப்பட்டன. அன்று அது அறிவுடைய செயலே. ஆனால் பிற்காலத்தில், தாம் யார் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தபோது, அவ்வீரர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமற் போயிற்று.

இரண்டாம் பிரிவு அச்சத்தால் நேர்ந்தது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தது. பட்டுக்கோட்டைப் பகுதியிலுள்ள தம்பிக்கோட்டையில் பிறந்து, தேசிய இராணுவத்தில் பணியாற்றி, பின்னர் மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான கணபதி, 1949-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் தோட்டத்துப் பழைய வீரர்கள் தங்கள் படை வாழ்வைப் பற்றி வாய் திறக்கவும் தயங்கினர். தோழன் பெயரைச் சொன்னால் தோழனுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சினர்.

மூன்றாம் பிரிவு நாடுகளின் சட்டங்களால் நேர்ந்தது. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் வாணிகம் நாட்டுடைமையாயிற்று. தமிழர் பெருங்கூட்டமாகக் கப்பலேறி வந்து, சென்னை வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியேறினர். மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுக்குப்பின், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. அது கிடைக்காத பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். இவ்வாறு ஒரே பாசறையில் படுத்துறங்கிய ஐவருள் ஒருவர் சிலாங்கூரிலும், ஒருவர் வியாசர்பாடியிலும், ஒருவர் எங்கள் கடைமடை வயலிலுமாகச் சிதறினர். மற்ற இருவர் இருக்குமிடம் எவருக்கும் தெரியாது.

இனி, தேடுதல் ஏன் தேவையாயிற்று என்பதைக் கூறுவேன். விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1972-இல் மத்திய அரசு, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. தேசிய இராணுவத்தாரும் அதற்கு உரியவர். பொதுவாக ஆறு மாதச் சிறைவாசமும், பெண்களாயின் மூன்று மாதச் சிறைவாசமும் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. சிறைப் பதிவேடு கிடைக்காதவர், தம்முடன் சிறையிலிருந்த தோழர்களிடம் சான்று பெற்று இணைக்கலாம். சான்று தருபவரும் தம் சிறைவாசம் ஒப்புக்கொள்ளப்பட்டவராக இருத்தல் வேண்டும்.

இவ்விதியின் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். காகிதங்கள் எரிந்துபோன ஒரு படைக்கு, தோழனுடைய நினைவே பதிவேடாக ஆயிற்று. அதுவரை பழைய நண்பனைக் காண்பது மனத்தின் ஆசை மட்டுமே. 1980-க்குப்பின் அது ஓர் ஏழைக் கிழவருடைய சோற்றுக்கும் மானத்துக்கும் உரிய செய்தியாயிற்று.

1981-ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிது. கடிதம் எழுதத் தெரிந்த வாத்தியார் என்று சிற்றூர் மக்கள் என்னை நாடி வருவார்கள். அவர்களுள் ஒரு பெரியவர், வயது அறுபதை நெருங்கியவர், பேராவூரணிக்கு அருகில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வந்தவர். தோட்டத்திலிருந்து 1943-இல் படையில் சேர்ந்து, சயாம் மரண இரயில் பாதை வழியே பர்மா சென்று, இரங்கூனில் சிறைப்பட்டு, 1946-இல் கல்கத்தா வழியாக வீடு வந்து சேர்ந்தவர். “தம்பி, நான் பட்டாளத்தில் இருந்தேன் என்பதற்கு ஆதாரம் கேட்டு மனுவைத் திருப்பிவிட்டார்கள். என்னோடு இருந்த சிநேகிதன் ஒருவன் போதும். அவன் மலாயாவில் இருப்பான்” என்றார்.

தேடத் தொடங்கியதும் முதல் தடை எதிர்ப்பட்டது. நண்பர் வாழ்ந்த தோட்டத்தின் பெயராக அவர் கூறியது, தமிழ்த் தொழிலாளர் தமக்குள் வழங்கிய பெயர். மலாயாத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தபால் நிலையம் அறிந்தது ஆங்கிலக் கம்பெனி வைத்த பெயர்; தொழிலாளர் வாயில் வழங்கியது ஒரு துரையின் பெயரையோ மரத்தின் பெயரையோ கொண்டு அமைந்த தமிழ்ப் பெயர். நாங்கள் இருவரும் சந்தைநாளில் பேராவூரணிக் கடைத்தெருவில் நின்று, மலாயாவிலிருந்து திரும்பியவர் ஒவ்வொருவரையும் விசாரித்தோம். மூன்றாவது வாரத்தில் ஒருவர் அத்தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். நீலநிற வான்கடிதத் தாள் ஒன்றில் அத்தோட்டத்துக் கிராணிக்கு எழுதினேன்.

நான்கு மாதம் கழித்து விடை வந்தது. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது என்றும், தேடும் நபர் அனுமதிச் சீட்டு கிடைக்காமல் 1970-லேயே ஊர் திரும்பிவிட்டார் என்றும் ஒரு முதிய கிராணி எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் ஊர்ப்பெயரும் இருந்தது. அது அறந்தாங்கிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். கடல் கடந்து தேடிய நண்பர், பதினோர் ஆண்டுகளாகப் பக்கத்துத் தாலுகாவில் வாழ்ந்திருக்கிறார்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சென்றபோது அவர் திண்ணையில் அமர்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கண்பார்வை மங்கியவர். பெயரைச் சொன்னதும் எழுந்துவிடவில்லை. “மேமியோ ஆஸ்பத்திரியில் என்னை விட்டுவிட்டுப் போகும்போது என் கையில் என்ன கொடுத்தாய்?” என்று கேட்டார். “உப்புப் பொட்டலம், அண்ணே” என்றார் எங்கள் பெரியவர். அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. மலைக்காய்ச்சலில் கிடப்பவனுக்கு அக்காட்டில் ஒரு பிடி உப்பு எவ்வளவு அரிய பொருள் என்பதைப் பிறகுதான் எனக்கு விளக்கினார்கள்.

சான்றுத் தாளை எடுத்து நான் நீட்டினேன். அவர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். இரங்கூன் சிறையில் தம்முடன் இருந்ததாக எழுதியிருந்த வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். “நான் இரங்கூனுக்கே வரவில்லை, தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து சயாம் வழியாக மலாயா போய்விட்டேன். சிறையே பார்க்காதவன் நான். மேமியோ வரை கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். அதற்குமேல் சொன்னால், அது இவனுக்கும் நல்லதன்று” என்றார். எங்கள் பெரியவருக்கு முகம் வாடவில்லை. “அண்ணன் சொல்வதுதான் சரி” என்றார். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு கண்டெடுத்த நண்பனிடம், பொய்யாகிய ஒரு வரியை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் இல்லை.

ஆனால் அச்சந்திப்பு வீண்போகவில்லை. இரங்கூனில் தங்கிய தமிழருள் ஒருவர் பர்மா அகதியாக வந்து வியாசர்பாடியில் இருக்கிறார் என்பது அறந்தாங்கியாருக்குத் தெரிந்திருந்தது. அவர் மூலம் இன்னொருவரும் கிடைத்தார். அவ்விருவரும் முன்பே ஓய்வூதியம் பெற்றவர்கள், சிறையில் உடனிருந்தவர்கள். அவர்கள் தந்த சான்றுகளின்மேல், நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின், எங்கள் பெரியவருக்கு ஓய்வூதிய ஆணை வந்தது. அறந்தாங்கியாருக்கு ஒன்றும் வரவில்லை. விதிப்படி வரவும் இடமில்லை. ஆயினும் ஒவ்வொரு ஜனவரி 23-ஆம் நாளும், நேதாஜி பிறந்தநாளில், இருவரும் ஏதேனும் ஓர் ஊரில் சந்தித்துக்கொள்வதை அவர்கள் வாழ்நாள் இறுதிவரை விடவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று செய்திகளை நாம் அறிந்துகொள்ளலாம். தேடுதல் பெரும்பாலும் நேர்வழியில் முடிவதில்லை என்பது முதலாவது. தேடிய ஒருவர் பயன்படாமற் போகலாம். அவர் காட்டும் இன்னொருவரே பயன்படுவார். தோழமை ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணியைப் பிடித்தால் அடுத்த கண்ணி கைக்கு வரும். இரண்டாவது, தோழனுடைய சான்றுக்கு மதிப்பு இருப்பது, அவன் காணாததைச் சொல்ல மறுப்பதனால்தான். வேண்டியவன் என்பதற்காக எதையும் சொல்லுபவனுடைய சொல், வேண்டிய நேரத்தில் எவருக்கும் உதவாது. மூன்றாவது, பெண்களுக்கு இத்தேடுதல் ஆண்களைக் காட்டிலும் கடினமாக இருந்தது. ஜான்சி ராணிப் படையில் தகப்பனார் பெயரோடு பதிவான பெண், திருமணத்துக்குப்பின் கணவர் பெயரோடு வேறு ஊரில், வேறு அடையாளத்தோடு வாழ்ந்தாள். தோழியர் எந்தப் பெயரைக் கொண்டு அவளைத் தேடுவர்? மேலும், மலாயாவிலேயே வீடு திரும்பிய பெண்களுக்குச் சிறைவாசம் என்னும் அளவுகோல் பொருந்தவும் இல்லை. அவர்களுள் பலர் தாம் ஏந்திய துப்பாக்கியைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடங்கூடச் சொல்லாமல் மறைந்தனர்.

இன்று அவ்வீரருள் மிகச் சிலரே எஞ்சியிருக்கின்றனர். 2019-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் தேசிய இராணுவத்து முதியோர் நால்வர் முதன்முறையாகப் பங்கேற்றபோது, அனைவரும் தொண்ணூறு வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். இனித் தேட வேண்டியவர்கள் அவ்வீரருடைய மக்களும் பேரர்களுமே. தந்தையின் தோழர் குடும்பத்தைத் தேடிக் கண்டால், தந்தையைப் பற்றி நம் வீட்டில் எவரும் அறியாத பகுதி அங்கே இருக்கக்கூடும்.

அதற்குச் சில எளிய வழிகளைக் கூறுகிறேன். வீட்டு முதியோரிடம் கேட்டு, வீரருடைய படைப்பிரிவு, பயிற்சி பெற்ற முகாம், தோட்டத்தின் இரண்டு பெயர்கள், ஏறிவந்த கப்பல், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெண்களாயின் திருமணத்துக்கு முன்னும் பின்னும் வழங்கிய பெயர்களை எழுதுங்கள். ஓய்வூதிய ஆணை, 1972-இல் அளிக்கப்பட்ட தாமிரப் பத்திரம், தோழர் எழுதிய கடிதங்கள், சான்றுகளின் படிகள் ஆகியவற்றைப் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்த இரவில், கூரை பிரிந்த வீடுகளில் நனைந்து கரைந்த காகிதங்களுள் இத்தகையனவும் இருந்தன. சாய்ந்த தென்னைக்கு மறுகன்று நட்டோம். கரைந்த கடிதத்துக்கு மாற்று இல்லை.

புதுதில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, பாதுகாப்பு அமைச்சகம் 1997-ஆம் ஆண்டில் தேசிய இராணுவம் பற்றிய 990 கோப்புகளை அளித்தது. 2016-இல் நேதாஜி பற்றிய கோப்புகளும் வெளியிடப்பட்டன. சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில், அக்காலத்தில் வாழ்ந்தோர் தம் குரலிலேயே கூறிய செய்திகள் பதிவாகியுள்ளன. போஸ் 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய வீரர் நினைவுச்சின்னத்தை, அதே ஆண்டில் ஆங்கிலேயர் இடித்துத் தகர்த்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், அவ்விடத்தில் சிங்கப்பூர் அரசு அடையாளக் கல் ஒன்றை நிறுவியது. இடிக்கப்பட்டதற்கே ஓர் அடையாளம் திரும்பக் கிடைக்குமாயின், மறக்கப்பட்ட மனிதர்க்கும் அது கிடைக்காமற் போகாது.

வள்ளுவர் ‘பழைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நெடுநாள் பழகியவரிடத்தில் உள்ள உரிமையையும், அவர் செய்வதைப் பொறுத்துக்கொள்ளும் பண்பையும் பற்றியது அது. நம் பெரியோர் காட்டில் பகிர்ந்த உப்பும், திண்ணையில் மறுத்த பொய்யும் அப்பழைமையின் இரு பக்கங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ ஒரு பழைய வான்கடிதம் இருந்தால், இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். அனுப்பியவர் பெயரையும் ஊரையும் படியுங்கள். அவ்வூர் நீங்கள் எண்ணுவதைவிட அருகில் இருக்கக்கூடும்.